கையைப் பிசையும் சிறுமிகள்

1954-ல் வியன்னாவில், குழந்தை மருத்துவர் ஆந்த்ரேயாஸ் ரெட்டின் அறைக்கு வெளியே இரண்டு தாய்மார் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஆளுக்கொரு பெண் குழந்தை. துணி அலசுவதுபோல இரண்டு பிள்ளைகளும் ஓயாமல் கையைப் பிசைந்தபடி இருந்தார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே போயிருந்தால் ரெட் கவனித்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். பிறகு தேடியபோது, அவரிடமே வந்துபோன வேறு சில சிறுமிகளிடமும் அதே சாயல் தெரிந்தது.

1966-ல் இதைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ரத்தத்தில் அம்மோனியா மிகுதி என்று அதில் அவர் சொன்னதும் பின்னால் பொய்த்தது. ஸ்வீடனின் பெங்ட் ஹாக்பெரி இப்படிப்பட்ட சிறுமிகளைத் தனியே பார்த்துவந்தார். அவரும் பிரான்ஸ், போர்ச்சுகல் மருத்துவர்களும் சேர்ந்து 1983-ல் 35 சிறுமிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் ‘ரெட் சிண்ட்ரோம்’ என்ற பெயர் உலகுக்குத் தெரிந்தது. 29 வருடம்! அதுவரை ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்று ஏதோ ஒன்றைச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள்.

அதே 1983-ல் ஹூஸ்டனில் பயிற்சி மருத்துவராக இருந்த ஹூதா ஸோக்பி இப்படி ஒரு சிறுமியைப் பார்த்தார். சில நாளிலேயே இன்னொருத்தியை. ரெட்டுக்கு நேர்ந்ததுபோலவே மறுபடியும் இரண்டு பேர். 1999-ல் அவர் குழு எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்இசிபி2 மரபணுவில் பழுதைக் கண்டது. பெண்ணுக்கு இன்னொரு எக்ஸ் கைகொடுக்கிறது. ஒரே எக்ஸ் உள்ள ஆண் குழந்தைக்கு இது பெரும்பாலும் மிகக் கடுமையாகிவிடும்.

நான் பிசியோதெரபிஸ்ட். “ஒரு வயசு வரைக்கும் நல்லா இருந்தா, ‘அம்மா’ன்னு கூப்பிட்டா” என்று சொல்லிக்கொண்டுதான் இந்தச் சிறுமிகளின் தாய்மார் என்னிடம் வருவார்கள். வளையும் முதுகுக்கு நான் பயிற்சி கொடுப்பேன். வலிப்பு, மூச்சுத் தடுமாற்றம், மலச்சிக்கல் என்று மற்றவை வரிசையாக வரும். 2023-ல் அமெரிக்காவில் ரெட் சிண்ட்ரோமுக்கென்றே முதல் மருந்தாக டிரோஃபினடைட் அனுமதி பெற்றது. அதைச் சாப்பிட்டால் பலருக்கு வயிற்றுப்போக்கு. மலச்சிக்கலோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டிய தாயிடம் இதைச் சொன்னால் சிரித்துவிடுவாள்.

பேச்சில்லாத பெண் ராத்திரியில் அலறினால், “இந்த நோயே அப்படித்தான்” என்று முடித்துவிடுவது எளிது. எலும்பு முறிந்திருக்கிறதா, பித்தப்பையில் கல்லா, சொத்தைப் பல்லா, ஒவ்வொன்றாகப் பாருங்கள் என்று வாதாடுவது இன்றும் அம்மாதான்.