ஊதுபத்திக்குக் கிடைத்த அனுமதி

வியட்நாமியத் திருமணங்களில் மேலை மரபு கலந்ததைப் பேசும்போது நாம் உடையையே முதலில் காண்கிறோம். துக்கத்தின் நிறமான வெண்மை மணப்பெண்ணின் கவுனாயிற்று. செந்நிற ஆவ் ஸாய் நீளங்கியும் உடன் நிற்கிறது.

ஆனால் உண்மையான சிக்கல் ஊதுபத்தியில் இருந்தது. வெற்றிலை பாக்குத் தாம்பாளத்துடன் மணமகன் வீட்டார் வந்தபின், மணமக்கள் மூதாதையர் பீடத்தின்முன் ஊதுபத்தி ஏற்றி வணங்குவது அங்குத் தொல்மரபு. சீனச் சடங்குகளை விலக்கிய 1742ஆம் ஆண்டின் போப்பாண்டவர் ஆணை, வியட்நாமியக் கத்தோலிக்கரையும் கட்டுப்படுத்தியது.

1934 மார்ச் 20 அன்று ஹுவே நகரில் பேரரசர் பாவோ தாயை மணந்து நாம்ஃபுவோங் எனப் பட்டப்பெயர் பெற்றவர், பிரான்சில் பயின்ற கத்தோலிக்கர். தம் சமயத்தை விடாமலே அவர் பேரரசியானார். எளிய குடும்பங்களுக்கோ, 1964இல் ரோம் இசைந்த பிறகே பீடமும் தேவாலயமும் ஒரே திருமணத்தில் தடையின்றி இணைந்தன. இடையே கழிந்தவை 222 ஆண்டுகள்.