ஒரு பெட்டியா, நான்கு பெட்டியா?

சோனியின் எச்டி-எஸ்100எஃப், எச்டி-எஸ்20ஆர் இரண்டுமே கையைக் கடிக்காத விலையில் டி.வி.யின் ஒலியைத் தூக்கி நிறுத்த வந்தவை. முன்னது, டி.வி.க்குக் கீழே வைத்துவிட்டு மறந்துபோகக்கூடிய ஒற்றை சவுண்ட்பார். பின்னது, பார், சப்வூஃபர், முதுகுப்பக்கம் வைக்க இரண்டு சிறு ஸ்பீக்கர் என நான்கு உருப்படிகள் கொண்ட 5.1 செட். அடக்கத்துக்கு ஒன்று, ஆர்ப்பாட்டத்துக்கு ஒன்று என்று பார்த்தவுடன் தீர்ப்பெழுதத் தோன்றும். அருகருகே வைத்து ஆராய்ந்தால் அந்தத் தீர்ப்பு நிற்பதில்லை.

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணிலிருந்தே தொடங்குவோம். ஒன்று 120 வாட், மற்றது 400 வாட். ஆற்றல் இரு மடங்கானால் ஒலி ஏறுவது 3 டெசிபல்தான். 'இரண்டு மடங்கு சத்தம்' என்று காதுக்குப் படவேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். இந்தக் கணக்கில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி 5 டெசிபலைச் சற்றே தாண்டும். அந்த நானூறும் 5.1-இன் ஆறு தடங்களுக்குப் பிரிந்து போகிறது. எண்ணை ஓரமாக வைத்துவிடலாம்.

சவுண்ட்பார் தேடுகிறவர்களில் பலருக்குச் சத்தம் குறையல்ல; வசனம் புரியாததுதான் குறை. மெலிந்துபோன டி.வி.க்களில் ஸ்பீக்கர் தரையையோ பின்சுவரையோ பார்த்திருக்கிறது. சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் கூர்மை பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால், முதலில் மழுங்குவது அதுதான். ஒற்றை பாரும் 5.1 செட்டும் ஸ்பீக்கரை நம் முகத்துக்கு நேரே திருப்பிவைக்கின்றன. பலனில் பெரும்பங்கு இந்தத் திருப்பத்திலேயே கிடைத்துவிடுகிறது.

வித்தியாசம் நடுவில் இருக்கிறது. ஒற்றை பாருக்கு இடது, வலது என இரண்டே தடம். திரையின் நடுவில் பேசும் கதாநாயகியின் குரல் உண்மையில் அங்கிருந்து வருவதில்லை. இருபுறமும் சமமாக வரும் குரலை நம் காதுதான் நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஓரத்து நாற்காலிக்காரருக்கு அது அவர் பக்கமாகச் சரியும். 5.1 செட்டின் பாரிலோ நடுவுக்கென்றே தனி ஸ்பீக்கர் உண்டு. சினிமா ஒலிக்கலவையில் வசனம் குடியிருப்பதும் பெரும்பாலும் அந்த நடுத்தடத்தில்தான். தொண்ணூறுகளில் தியேட்டர் வாசலில் 'டி.டி.எஸ்.' பலகை பார்த்து டிக்கெட் எடுத்தவர்கள், பின் ஸ்பீக்கருக்கும் உறுமலுக்கும் ஆசைப்பட்டு இந்தச் செட்டை வாங்குவார்கள். அதன் சிறந்த உறுப்பு, யாரும் கேட்டு வாங்காத இந்த நடு ஸ்பீக்கர் என்பது என் எண்ணம். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: 90 செ.மீ. நீளத்துக்குள் ஒடுங்கிய ஒற்றை பாரில் இடதும் வலதும் நெருங்கியே இருப்பதால் குரல் சரிவதும் கொஞ்சம்தான். இசையின் விரிவுக்குக் குறையாக இருப்பது வசனத்துக்கு அனுகூலமாகிவிடுகிறது.

நடு ஸ்பீக்கருக்கு முதலில் வேலை வந்து சேரவேண்டும். டி.வி.யின் ஒலி அமைப்புகளில் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்' என்றொரு வரி இருக்கும். அது பிசிஎம் என்றிருந்தால் எச்டிஎம்ஐ ஏஆர்சி வழியே போவது இரண்டே தடம். படம் டால்பி டிஜிட்டல் 5.1-இல் வந்தாலும் டி.வி. அதை இரண்டாக மடித்துத்தான் அனுப்பும். ஆட்டோ அல்லது பாஸ்த்ரூ என்று மாற்றினால்தான் ஆறும் வரும். அந்த வரியைத் தொடாத வீட்டில் 5.1 செட்டுக்கும் கிடைப்பது வெறும் ஸ்டீரியோதான். அப்போது இரண்டு தடத்தை ஆறாக விரிப்பது செட்டின் சொந்த ஊகம். ஒற்றை பாரும் 'சரவுண்ட்' என்ற பெயரில் ஊகம்தான் செய்கிறது. ஒன்று இல்லாத ஸ்பீக்கரை இருப்பதாகக் காட்டுகிறது; மற்றது இல்லாத தடத்தை இருப்பதாகக் காட்டுகிறது.

எதிர்பாராத உறவு இன்னொன்று அடியொலியில் உண்டு. ஒற்றை பார், செட்டின் சப்வூஃபர் இரண்டுமே துளையிட்ட பெட்டிகள். பாஸ் ரிஃப்ளெக்ஸ் என்பார்கள். துளையில் உள்ள காற்று, பெட்டிக்குள் அடைபட்ட காற்றின்மீது ஊசலாடி ஒரு சுருதியில் தானே ஒலிக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த இயல்பு இது. கடம் வாசிப்பவர் அதன் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் ஒலியை மாற்றுவதும் இதே கணக்குதான். பெட்டி பெரிதானால் சுருதி இறங்கும். குறையும் பொதுவானது: அந்தச் சுருதியில் மட்டும் மிகையாக முழங்கும் ஆபத்து. மூலையில் வைத்தால் இன்னும் கூடும்.

பட்ஜெட் செட்டுகளின் சிறு ஸ்பீக்கர்கள் அதிகம் கீழிறங்க முடியாததால் சப்வூஃபர் ஆண்குரலின் அடித்தளம் வரை, அதாவது 85 முதல் 180 ஹெர்ட்ஸ் எல்லைக்குள், மேலேறி வரவேண்டியிருக்கிறது. தூரத்து மூலையில் அது இருந்தால், வில்லனின் குரல் திரையிலும் அதன் கனம் மூலையிலுமாகப் பிரியும். எஸ்20ஆரில் இதற்கு ஒரு தற்செயலான காவல் இருக்கிறது. டி.வி.யிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கம்பி செருகப்படுவது பாரில் அல்ல, சப்வூஃபரின் முதுகில். கம்பியின் நீளமே அதை டி.வி. பக்கத்தில் கட்டிப்போட்டுவிடும்.

அதே கம்பிதான் செட்டின் தலைவலியும். பின் ஸ்பீக்கர்களுக்கும் வயர் இழுக்கவேண்டும். அடுக்ககத்து ஹாலில் சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கும். ஒருபக்கம் பால்கனிக் கதவு, மறுபக்கம் சமையலறை வாசல். கடைசியில் 'பின்' ஸ்பீக்கர்கள் டி.வி.க்கு இருபுறமும் துவாரபாலகர்களாக நின்றுவிடுவது வேடிக்கைதான்.

இரவில் இரண்டும் மறுபடி நெருங்கிவருகின்றன. ஒலியைக் குறைத்தால் காது முதலில் இழப்பது அடியொலியை. 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது. சப்வூஃபர் தரும் அனுகூலம் அங்கே கரைந்துபோகிறது. இரண்டின் ரிமோட்டிலும் 'நைட்', 'வாய்ஸ்' பொத்தான்கள் உண்டு. பதினொரு மணிக்கு மேல் கை போவது அவற்றுக்குத்தான்.

செய்தியும் சீரியலும் ஓடும் வீட்டுக்கு ஒற்றை பார் போதும். வாராவாரம் படம் பார்ப்பவர், வயர் இழுக்க வழியுள்ளவர் என்றால் செட். படமும் வேண்டும், வயருக்கும் வழியில்லை என்றாலும் என் ஓட்டு செட்டுக்கே: பின் ஸ்பீக்கர்களை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிட்டால் சுற்றொலி போகும், வசனம் போகாது. ஏஆர்சி இல்லாத பழைய டி.வி.யானால் ஆப்டிக்கல் கம்பியும் டால்பி டிஜிட்டலைச் சுமக்கும், ரிமோட்தான் இரண்டாகும்.