மன்னார் வளைகுடாவில் தூண்டில் மீன்பிடிப்பு

அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டியில் கடல் கிடையாது. மழையை நம்பிய கண்மாய்களே உண்டு. ஆனால் 1985-இல் விருதுநகர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை அருப்புக்கோட்டை வட்டாரம் கடற்கரையையும் உள்ளடக்கிய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்துக் கடற்கரையின் தொன்மையான தொழில்களுள் ஒன்று கைத்தூண்டில்.

பாறைகளும் பவளத்திட்டுகளும் நிறைந்த இடத்தில் வலை கிழிந்துவிடும்; அங்கு தூண்டிலே கைகொடுத்தது. முறுக்கிய பருத்தி நூல், ஈயக்குண்டு, இரும்பு முள், இரையாகக் கணவாய்த் துண்டு. சுட்டுவிரலின்மேல் ஓடும் நூலில் கடியின் அதிர்வை உணர்ந்து, நொடியில் சுண்டி இழுக்க வேண்டும். விளமீன், களவாய், பாறை ஆகிய மீன்கள் இப்படித்தான் படகேறின. இந்த விரல் நுட்பம் எந்த உயர்ந்த கைவினைக்கும் குறைந்ததல்ல.

ஆங்கிலேய அதிகாரிகள் கோலும் சுருளும் செயற்கை ஈயும் கொண்டுவந்தனர். சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார். அவர்களின் கோல் பொழுதுபோக்கு, மீனவரின் கைத்தூண்டில் பிழைப்பு. பின்னர் பருத்தியின் இடத்தை நைலான் பிடித்தது, இழுவைப் படகுகள் பெருகின. 1986-இல் தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அதன் எல்லைக்கு வெளியே நாட்டுப்படகு மீனவர்கள் கைத்தூண்டிலை இன்றும் கைவிடவில்லை.