காணாமல் போன அணு

இன்று ஒரு காலியிடத்தின் வரலாறு.

தூய உப்புப் படிகம் கண்ணாடி போல நிறமற்றது. அதைச் சோடியம் ஆவியில் சூடாக்கினால் மஞ்சளாகிவிடும். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ராபர்ட் போல் என்ற பேராசிரியர் இத்தகைய நிறங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். சாயம் எதுவும் சேர்க்கவில்லையே, நிறம் எங்கிருந்து வந்தது? 1937இல் டி போயர் என்ற டச்சு அறிஞர் விடை சொன்னார். குளோரின் இருக்க வேண்டிய ஓர் இடம் காலி. அங்கே ஓர் எலக்ட்ரான் குடியேறி ஒளியை விழுங்குகிறது. இல்லாத அணு நிறம் தருகிறது!

இது கன உருவப் படிகத்தின் கதை. ஒற்றை அணு கனமே உள்ள தாளில் ஓர் அணு போனால்?

அப்படியொரு கார்பன் தாளின் எலக்ட்ரான் கணக்கை வாலஸ் 1947இலேயே போட்டுவிட்டார். தாள் கைக்கு வந்தது 2004இல்தான். மான்செஸ்டரில் கைமும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பால் கிராஃபைட்டை உரித்து எடுத்தார்கள். நம் பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட்! அந்தத் தாள்தான் கிராபீன்.

கரும்பலகையில் தேன்கூடு வரைவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூலைகளுக்கு மாற்றி மாற்றி 'அ', 'ஆ' என்று பெயரிடுங்கள். எந்த 'அ'வுக்கும் பக்கத்து வீட்டார் மூவரும் 'ஆ'தான். இரு அணியும் சம எண்ணிக்கை. இப்போது ஓர் 'அ'வை அழியுங்கள். 'ஆ' அணியில் ஒன்று கூடுதலாகிவிட்டது. கணக்குப்படி, ஜோடியில்லாத ஓர் எலக்ட்ரான் நிலை சரியாகச் சுழி ஆற்றலில் தோன்றும். அதுவும் 'ஆ' அணுக்களின் மேல் மட்டும், காலியிடத்தைச் சுற்றி. குறையில்லாத கிராபீனில் அந்த ஆற்றலில் நிலைகளே இல்லை என்பதால் இது தனித்துத் தெரியும். 2006இல் பெரேராவும் அவர் குழுவினரும் இதைக் கிராபீனுக்கு விரிவாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

2010இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். கிராஃபைட்டின் மேலடுக்கில் ஆர்கான் அயனிகளை மோதவிட்டு அணுக்களைப் பெயர்த்தார்கள். பிறகு கடுங்குளிரில், அணு அணுவாகத் தடவிப் பார்க்கும் ஊசிமுனை நுண்ணோக்கியை வைத்தார்கள். காலியிடத்தின் மேல் ஊசி நின்றபோது, கணக்கு சொன்ன ஆற்றலருகே கூரான ஒரு முகடு! ஜோடியில்லாத எலக்ட்ரான் என்றால் காந்தத்தன்மை. இரும்பே இல்லாத கார்பனில் காந்தம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

டங்ஸ்டன் டைசல்பைடு போன்ற தாள்களில் ஒரு குழப்பம் நடந்தது. கந்தகக் காலியிடம் என்று கருதப்பட்ட பல இடங்களில் ஆக்சிஜன் உட்கார்ந்திருந்ததை 2019இல் பெர்க்லி குழுவினர் கண்டார்கள். வருகைப்பதிவில் 'வரவில்லை' என்று போட்ட பையனின் இடத்தில் வேறொருவன் அமர்ந்திருப்பது போல! எலக்ட்ரான் இருக்கக் கூடாத ஆற்றல் இடைவெளியில் வரவேண்டிய நிலைகள் அங்கே வராததற்குக் காரணம் அதுதான். தாளைச் சூடாக்கி உண்மையான காலியிடங்களை உண்டாக்கியபோது, அந்த இடைவெளிக்குள் இரண்டு நிலைகள் பளிச்சென்று தெரிந்தன.