கையெழுத்து மட்டும் ஒஹாயோவில்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் தாக்கலாகும் தனிநபர் வருமான வரி ரிட்டர்ன்கள் ஏறத்தாழ 16 கோடி. அந்தப் படிவத்தின் எண் 1040. அரசியல் சட்டத்தின் 16ஆவது திருத்தம் 1913இல் வருமான வரிக்கு வழிவிட்டபோது அது பிறந்தது. விளக்கக் குறிப்புகளையும் சேர்த்து அன்று அதற்கு நான்கே பக்கம். இன்றும் மூலப் படிவம் இரண்டு பக்கம்தான். அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் அட்டவணைகள்தான் ஆளை மலைக்கவைப்பவை. சம்பளம் மட்டும் வாங்குபவருக்கு அவை அதிகம் தேவைப்படாது. கொஞ்சம் பங்கு, ஒரு வாடகை வீடு, நண்பர்களோடு சேர்ந்து ஒரு கூட்டுத் தொழில் என்று வாழ்க்கை விரிய விரியப் படிவமும் தடித்துக்கொண்டே போகும்.

அப்படித் தடித்த ஒரு 1040 போகும் வழியைப் பார்ப்போம். ஊர், ஒஹாயோ மாநிலத் தலைநகர் கொலம்பஸை ஒட்டிய ஒரு புறநகர். உரியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். இவர்களைப் போன்றவர்கள் அங்கே ஏராளம் என்பதால் பெயர் வேண்டியதில்லை. 2024ஆம் வரி ஆண்டில் இருவருக்கும் சம்பளம் வந்தது. கணவருக்குப் பங்குச் சந்தையில் கொஞ்சம் பழக்கம். மனைவி ஒரு கூட்டு நிறுவனத்தில் பங்குதாரர். ஜூலையில் புது வீட்டுக்குக் குடிபோய், பழைய வீட்டை வாடகைக்கு விட்டார்கள்.

ரிட்டர்ன் உருவாவதற்கு முன்பே அதன் உறுப்புகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். சம்பளச் சான்றான டபிள்யூ-2 ஜனவரி 31க்குள் வந்தாக வேண்டும். பங்குத் தரகரின் 1099 பிப்ரவரி நடுவில் வரும். சில சமயம் அதற்கு ஒரு திருத்தமும் பின்னாலேயே வரும். கூட்டு நிறுவனத்தின் கே-1 வருவதற்குள் மார்ச் பாதி போய்விடும். தாக்கலுக்குக் கெடு ஏப்ரல் 15. முதலில் மார்ச் 1 ஆக இருந்து, பிறகு மார்ச் 15 ஆகி, 1955இல் ஏப்ரல் 15க்கு வந்து நின்ற தேதி அது. கெடு ஆறு வாரம் நகர்ந்தது. தாள்களோ பல மடங்கு பெருகின. ஆகவே ஆண்டு வேலையின் பெரிய பங்கு பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் நடுவரையிலான சுமார் பத்து வாரத்தில் வந்து குவிகிறது.

இந்தத் தம்பதியின் கணக்கைப் பார்ப்பவர் ஒரு சி.பி.ஏ.; நம் ஊரில் ஆடிட்டர் என்று சொல்லுவோமே, அவரைப் போல. சிறிய அலுவலகம்தான். வாடிக்கையாளர்கள் கூடியிருக்கிறார்கள், உதவியாளர்கள் குறைந்திருக்கிறார்கள். அவருக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை இது. 2019க்கும் 2021க்கும் இடையில் அமெரிக்காவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்காளர்களும் தணிக்கையாளர்களும் தங்கள் வேலையை விட்டுப் போனார்கள். அந்த இடங்களுக்கு வர வேண்டிய இளைஞர்கள் கணக்கியல் படிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். நான்காண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட் போதாது, சி.பி.ஏ. உரிமத்துக்கு 150 வேண்டும் என்ற விதி இன்னும் ஓர் ஆண்டுப் படிப்புச் செலவை அவர்கள் தலையில் ஏற்றியிருந்தது. ஒஹாயோ 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தியது. தேர்வில் தேறியவருக்குப் பட்டப்படிப்பும் இரண்டாண்டு அனுபவமும் இருந்தால் போதும் என்ற மாற்று வழி 2026இல் திறக்கும் என்றது. ஆனால் 2025 பிப்ரவரியில் மேசைமேல் குவிந்த கோப்புகளை, 2026க்குப் பிறகு வரப்போகும் ஆள் வந்து பார்க்கப்போவதில்லை.

பத்து வார நெரிசலுக்காக ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பது சிறிய அலுவலகத்துக்குக் கட்டாது. பத்து வாரத்துக்கு மட்டும் ஆள் தேடினால், தேறியவர் கிடைக்க மாட்டார். வேலையை வெளியே கொடுப்பதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பிரிட்டனில் தனிநபர் வரிக் கணக்குக்குக் கெடு ஜனவரி 31. அமெரிக்காவில் ஏப்ரல் 15. நீட்டிப்பு வாங்கியவர்களுக்கு அக்டோபர் 15. ஆஸ்திரேலியாவின் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. பல நாட்டு வேலையை எடுத்துச் செய்யும் ஒரு சென்னை அலுவலகத்தில் ஒரு குழுவின் சீசன் தணியும்போது இன்னொரு குழுவின் சீசன் சூடுபிடிக்கிறது. அமெரிக்கக் குழுவுக்கே ஏப்ரலுக்குப் பிறகு நீட்டிப்பு ரிட்டர்ன்களும் மாதாந்திரக் கணக்கெழுதும் வேலையும் இருக்கும். அதனால் பழகிய ஆட்களை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ள முடிகிறது. கூலி குறைவு என்பது பாதிக் காரணம்தான். ஓர் ஊரில் மூன்று மாதம் மட்டும் தேவைப்படும் திறமைக்கு இங்கே பன்னிரண்டு மாதமும் வேலை கொடுக்க முடிவது மறுபாதி.

நம் 1040 அப்படியொரு சென்னை அலுவலகத்துக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு சம்மதம் வாங்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க வரிச் சட்டத்தின் 7216ஆவது பிரிவின்படி, வாடிக்கையாளரின் வரி விவரத்தை உரிய அனுமதியில்லாமல் வெளியிடும் ரிட்டர்ன் தயாரிப்பாளருக்கு அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு. 2009 முதல் நடைமுறையில் உள்ள விதிகள், நாட்டுக்கு வெளியே இருப்பவரிடம் விவரத்தைக் காட்டுவதென்றால் வாடிக்கையாளர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்கின்றன. சமூகப் பாதுகாப்பு எண்ணை மறைத்துத்தான் அனுப்ப வேண்டும். தகுந்த தரவுப் பாதுகாப்பு ஏற்பாடு இருந்தால், சம்மதத்தோடு அதற்கு விலக்கு உண்டு. கோப்பு அமெரிக்க சர்வரிலேயே இருக்கிறது, இந்தியாவிலிருந்து திரையில் பார்க்கத்தானே செய்கிறார்கள் என்று தப்பிக்கவும் முடியாது. பார்ப்பதும் வெளியீடுதான். இவர்களுடைய சி.பி.ஏ. தொலைபேசியில் கூப்பிட்டு விளக்கினார். கணவர் உடனே சம்மதித்தார். மனைவி, கடைசியில் பார்த்துக் கையெழுத்துப் போடுவது நீங்கள்தானே என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு சம்மதித்தார். மறுப்பவர்களும் உண்டு. அவர்களுடைய ரிட்டர்ன் உள்ளூரிலேயே தயாராகும்.

இந்தப் பாதை போடப்பட்டு அதிக காலம் ஆகிவிடவில்லை. மின்வழித் தாக்கல் 1986இல் மூன்று ஊர்களில் ஒரு சோதனையாகத் தொடங்கியபோது, அந்த ஆண்டு அவ்வழியில் போனவை 25,000 ரிட்டர்ன்கள். தாள் திரைக்கு வந்த பிறகுதான் அதைத் தூரத்து ஊரில் திறக்க முடிந்தது. 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 3,200 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் வந்தது. 2003இல் இந்தியாவில் தயாரான அமெரிக்க ரிட்டர்ன்களும் சுமார் 25,000 என்று தாமஸ் ஃப்ரீட்மன் 2005இல் வெளிவந்த தமது நூலில் எழுதினார். பெங்களூரில் இந்த வேலையை வளர்த்த எம்ஃபஸிஸ் நிறுவனத்தின் ஜெய்தீர்த் ராவ் அந்த நூலின் தொடக்கத்திலேயே வருகிறார். அந்த ஆண்டுகளில் அமெரிக்கர்கள் பலருக்குத் தங்கள் கணக்கு எங்கே போகிறது என்ற கவலை வந்தது. வேலையை வெளியே கொடுப்பது பற்றிய சி.பி.ஏ. சங்கத்தின் நெறிமுறையும் 7216இன் புதிய விதிகளும் அந்தக் கவலையின் காலத்தில் வந்தவைதான்.

பிப்ரவரி மாலை 6 மணிக்கு ஒஹாயோ அலுவலகம் பூட்டப்படும்போது சென்னையில் மறுநாள் விடிகாலை 4.30. ஸ்கேன் செய்த தாள்கள் அதற்குள் ஏறியிருக்கும். காகிதம், கைப்பேசி, பென்டிரைவ் எதுவும் உள்ளே போக முடியாத ஓர் அறையில், பி.காம். முடித்த ஒருவர் அவற்றைத் திறப்பார். பிரின்ட் எடுக்க முடியாது, தரவிறக்கவும் முடியாது. தட்டச்சு செய்வது அவருடைய முதல் வேலை இல்லை. சென்ற ஆண்டு ரிட்டர்னைப் பக்கத்தில் வைத்து, போன முறை இருந்தவற்றில் இந்த முறை எது வரவில்லை, புதிதாக எது வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான். வங்கி வட்டிக்கான 1099 ஒன்று குறைகிறது. கணக்கை மூடிவிட்டார்களா, தாள் தவறிவிட்டதா? முதல் க்வெரி பதிவாகிறது.

அடுத்து ஒஹாயோவின் தனிக் குணங்கள். அங்கே மாநில வரி தவிர நகரங்களும் வருமான வரி வாங்குகின்றன. கொலம்பஸில் 2.5 சதவீதம். வேலை ஒரு நகரத்திலும் வீடு இன்னொரு நகரத்திலும் இருந்தால் இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். போதாததற்குப் பள்ளி மாவட்ட எண் ஒன்றும் கேட்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் தடுமாறும் இடம் இது.

"மேம், இவங்களுக்குப் பிள்ளையே இல்லையே, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எதுக்கு?"

"பிள்ளை இருக்கோ இல்லையோ, அந்த ஊர்ல குடியிருந்தா கேப்பாங்கப்பா. இவங்க ஜூலைல வீடு மாறியிருக்காங்க, ரெண்டு அட்ரஸையும் போட்டுத் தேடு."

வாடகைக்கு விட்ட வீடுதான் கடினமான பகுதி. குடியிருப்புக் கட்டடத்தின் விலையை 27.5 ஆண்டில் தேய்மானமாகக் கழிக்கலாம்; நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. நிலம் எவ்வளவு, கட்டடம் எவ்வளவு என்று பிரிப்பதற்குக் கவுன்ட்டி ஆடிட்டர் என்ற அரசு அதிகாரியின் இணையதள மதிப்பீடு உதவும். சொந்தக் குடியிருப்பாக இருந்தது வாடகைக்கு மாறியதால், அதன் அடக்க விலை, மாறிய நாளின் சந்தை மதிப்பு, இவற்றில் எது குறைவோ அதுதான் அடிப்படை. எந்த மாதம் தொடங்கினாலும் அந்த மாதத்துக்குப் பாதிக் கணக்கு. ஜூலை என்றால் ஐந்தரை மாதம். ஆனால் ஜூலையிலேயே வாடகைக்குத் தயாராக இருந்ததா, பெயின்ட் அடித்து முடிக்க ஆகஸ்ட் ஆகிவிட்டதா? எந்தத் தாளிலும் பதில் இல்லை. சென்னை இதை ஊகித்து நிரப்பக் கூடாது. இரண்டாவது க்வெரி பதிவாகிறது.

அங்கேயே ஒரு சீனியர் ரிவ்யூ செய்த பிறகு, ஒஹாயோவின் காலையில் கோப்பு திரும்பி நிற்கும். முக்கால் பங்கு முடிந்த ரிட்டர்ன், ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே மூலத்தாளின் பக்கம், மேலே நான்கைந்து கேள்விகள். முன்பெல்லாம் தாள்களை அடுக்கிப் பதிவதிலேயே போன நேரம் சி.பி.ஏ.வுக்கு இப்போது மிச்சம். அந்த நேரத்தில்தான் தம்பதியில் மனைவியைக் கூப்பிட்டுப் பேசுகிறார். பெயின்ட் ஜூலையிலேயே முடிந்தது. வங்கிக் கணக்கை மூடவில்லை, தாள்தான் பழைய முகவரிக்குப் போய்விட்டது. பேச்சோடு பேச்சாக, கூட்டு நிறுவனத்திலிருந்து விலகலாமா என்று யோசிப்பதாக அவர் சொல்கிறார். எந்தப் படிவத்திலும் இல்லாத செய்தி அது. அடுத்த ஆண்டு வரியையே மாற்றக்கூடியது. கல்யாணச் சமையலில் காய் நறுக்க எத்தனை பேர் வந்தாலும் உப்புப் பார்ப்பவர் ஒருவர்தான். அவருக்கு நாக்கு சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் மற்றவர்கள் வந்ததன் பயன்.

கே-1 மார்ச் மூன்றாவது வாரம் வந்தது. கோப்பு மறுபடியும் ஒரு முறை கடல் தாண்டித் திரும்பியது. இதற்குள் அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டு, பத்தரை மணி நேர இடைவெளி ஒன்பதரையாகச் சுருங்கியிருந்தது. கணவனும் மனைவியும் 8879ஆம் படிவத்தில் மின்வழித் தாக்கலுக்கு ஒப்புதல் கையெழுத்திட்டார்கள். இரண்டாம் பக்கத்தின் அடியில், கூலி பெற்றுத் தயாரித்தவருக்கான கட்டத்தில் சி.பி.ஏ. பெயர் ஏறியது. சென்னையில் வேலை செய்த இருவரின் பெயரும் எங்கும் இல்லை. தவறு நேர்ந்தால் தயாரித்தவர் என்ற முறையில் பதில் சொல்லப்போவது கையெழுத்திட்ட சி.பி.ஏ.தான். பதிவது, அடுக்குவது, ஒத்துப்பார்ப்பது எல்லாம் வெளியே போகலாம், பொறுப்பு போகாது. இந்த எல்லையைத் தெளிவாகப் போட்ட அலுவலகத்துக்குத்தான் இந்த ஏற்பாடு பலன் தருகிறது. மார்ச் மாதம் மூச்சு முட்டும்போது கோப்புகளை அப்படியே மொத்தமாகத் தள்ளிவிட்ட அலுவலகம், திரும்பி வருவதைத் திருத்துவதற்கே இன்னொரு சீசன் செலவழிக்கும். முந்தைய கோடையிலேயே பழைய ரிட்டர்ன்கள் சிலவற்றைக் கொடுத்து ஒத்திகை பார்ப்பதும், தாளுக்கு எப்படிப் பெயரிடுவது, எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று எழுதிவைப்பதும் முன்வேலைகள். தன் வீட்டை ஒழுங்குபடுத்தாமல் வேலையை வெளியே கொடுக்க முடியாது.

சுமை மறைந்துபோகவும் இல்லை. அதில் ஒரு பங்கு இடம்பெயர்ந்திருக்கிறது. ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள். மறுநாள் அமெரிக்கக் கெடு. இந்த வேலையில் இருக்கும் தமிழ் இளைஞர்களுக்குப் புத்தாண்டு வருவதே கெடுவுக்கு முந்தின நாளில்தான். ஒஹாயோ பக்கத்திலும் ஒரு விலை இருக்கிறது. டபிள்யூ-2 பதிந்து பதிந்துதான் அங்கே புதியவர்கள் தொழில் கற்றார்கள். அந்த முதல் படி வெளியே போய்விட்டால், பதினைந்து ஆண்டு கழித்து ரிவ்யூ செய்யும் கண் எங்கிருந்து வரும்? எளிய ரிட்டர்ன்கள் சிலவற்றை உள்ளூர் இளையவர்களுக்கென்று ஒதுக்கிவைப்பது ஒரு வழி. சென்னையிலிருந்து வரும் க்வெரிகளுக்குப் பதில் தேடும் வேலையை அவர்களிடம் கொடுப்பது அதைவிட நல்ல வழி. தாளில் இல்லாததைக் கேட்டு வாங்கும் பழக்கம் அதில்தான் படியும்.

ஏப்ரல் 9 அன்று மின்வழியில் போன ரிட்டர்னை வரித் துறை ஏற்றுக்கொண்டது. அத்தோடு அதன் வேலை முடிந்துவிடவில்லை. அடுத்த ஜனவரியில் சென்னையில் யாரோ ஒருவர் முதலில் திறக்கப்போவது இந்த ரிட்டர்னைத்தான். ஜூலையில் தொடங்கிய தேய்மானம், புது முகவரியின் பள்ளி மாவட்ட எண், மூடப்படாத வங்கிக் கணக்கு எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. போன ஆண்டு கேட்ட கேள்விகளை மறுபடி கேட்க வேண்டியிருக்காது. புதிதாகக் கேட்க வேண்டியது, அந்தக் கூட்டு நிறுவனத்திலிருந்து மனைவி விலகினாரா என்பது. அதைக் கேட்க வேண்டியவர் சி.பி.ஏ.தான், இந்த முறை அதற்கு அவருக்கு நேரம் இருக்கும்.