தஞ்சை மண்ணில் துயர் துடைத்த கரங்கள்

முன்னுரை

மனிதனுக்குத் துன்பம் ஏன் வருகிறது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு சமயமும் ஒவ்வொரு விடை வைத்திருக்கிறது. ஒன்று முன்வினை என்கிறது. மற்றொன்று சோதனை என்கிறது. பசித்து விழுந்து கிடப்பவனுக்கு இந்த விடைகளால் உடனே ஆகப்போவது ஒன்றுமில்லை. அவனுக்குத் தேவை ஒரு பிடி சோறு, ஒரு வேளை மருந்து, பக்கத்தில் ஒரு ஆள்.

காவிரி பாயும் தஞ்சை நாட்டின் வரலாற்றைப் புரட்டினால், இறை நம்பிக்கை கொண்ட பலர் இந்த இரண்டாவது விடையையே தேடியிருப்பது தெரிகிறது. அதோடு இன்னொரு கேள்வியும் எழுகிறது. யாருடைய துன்பம் துன்பமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது? அந்தக் கணக்கு காலந்தோறும் எப்படி விரிந்தது என்பதைப் பார்ப்போம்.

பஞ்சமும் படிக்காசும்

திருநாவுக்கரசரின் வாழ்க்கையே ஒரு நோயில் திரும்பியது. சமணத்தைத் தழுவி தருமசேனர் என்ற பெயரோடு இருந்த அவரைச் சூலை நோய் பற்றியது. தாங்க முடியாமல் தமக்கை திலகவதியாரிடம் திருவதிகைக்கு வந்தார். நோய் நீங்கிய பிறகு அவர் கையில் எடுத்தது உழவாரம். கோயில் கோயிலாகச் சென்று புல் செதுக்கி வழி சீர்செய்தார்.

அவரும் திருஞானசம்பந்தரும் டெல்டாவில் உள்ள திருவீழிமிழலையில் தங்கியிருந்தபோது பஞ்சம் வந்தது. இறைவன் நாள்தோறும் இருவருக்கும் ஆளுக்கொரு படிக்காசு கொடுத்ததாகவும், அதைக்கொண்டு அடியார்களுக்கு அமுது படைக்கப்பட்டதாகவும் 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் கூறுகிறது. இதில் ஒரு நுட்பமான செய்தி உண்டு. சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைத்தெருவில் வட்டம் பிடித்தார்கள். அதனால் அவர் மடத்தில் சோறு தாமதமானது. நாவுக்கரசர் பெற்ற காசு குறையில்லாமல் செல்லுபடியானது. காரணம், அவர் கையால் தொண்டு செய்தவர் என்பதாகும். பக்தி பாட்டில் மட்டும் இல்லை, உழைக்கும் கையிலும் இருக்கிறது என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

சோழர் கால ஆதுலர் சாலைகள்

ஆதுலர் என்றால் நோயாளி, வறியவர் என்று பொருள். சோழர் காலத்தில் மருத்துவமனைக்கு ஆதுலர் சாலை என்று பெயர். இராசராசனின் தமக்கை குந்தவை, தஞ்சையில் தன் தந்தையின் பெயரால் அமைந்த சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலைக்கு நிலம் அளித்ததைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. தந்தையின் நினைவுக்கு மகள் செய்தது நோயாளிகளுக்கான அறம் என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தகைய சாலை எப்படி நடந்தது என்பதை அறிய டெல்டாவுக்கு வெளியே, காஞ்சிபுரம் அருகில் உள்ள திருமுக்கூடலுக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்தில் (சுமார் 1069) பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டு உள்ளது. வீரசோழன் என்ற பெயருடைய அந்த மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன. ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், மருந்து கொடுத்துக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் என ஆட்கள் குறிக்கப்பட்டுள்ளனர். நோயாளிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு அரிசி, இருப்பில் எந்தெந்த மருந்துகள் என்பதும் கல்லில் வெட்டப்பட்டுள்ளது. இரக்கம் ஒருவருடைய மனநிலையைப் பொறுத்து ஏறி இறங்கக் கூடாது என்பதற்காகவே அளவோடு எழுதிவைத்தார்கள் போலும்.

ஆனால் அந்தப் படுக்கைகள் முக்கியமாகக் கோயில் பணியாளர்களுக்கும் அங்கு வேதம் பயின்ற மாணவர்களுக்கும் உரியவை. இரக்கத்தின் வட்டம் இன்னும் கோயிலைச் சுற்றியே இருந்தது.

கோட்டைக்குள் பசி

அடுத்த காட்சி ஏழு நூற்றாண்டுகள் கழித்து நடக்கிறது. 1781இல் ஐதர் அலியின் படை தஞ்சை நாட்டுக்குள் புகுந்தது. ஊர்கள் எரிந்தன, மாடுகள் பறிபோயின, வயல்கள் தரிசாயின. சோழ நாடு சோறுடைத்து என்று பெயர் பெற்ற மண்ணிலேயே மக்கள் பட்டினியால் மடிந்தனர்.

அப்போது தஞ்சையில் இருந்தவர் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். 1726இல் பிறந்து, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழும் மராத்தியும் கற்றவர். விலை மலிந்திருந்தபோதே அவர் அரிசி வாங்கிச் சேமித்திருந்தார். பஞ்சம் வந்ததும் அதை எடுத்துப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார்.

கோட்டைக்குள் தானியம் தீர்ந்துவிட்ட நிலையிலும் வெளியூர் விவசாயிகள் நெல் கொண்டுவர மறுத்தனர். முன்பு கொண்டுவந்த நெல்லுக்கும், ஓட்டிவந்த மாட்டுக்கும் கூலி கிடைக்காததே காரணம். அரசரின் வாக்கும் செல்லவில்லை, கம்பெனியாரின் வாக்கும் செல்லவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் சொன்னாலாவது நம்புவார்களா என்று பார்ப்போம் என அரசர் முடிவு செய்தார். ஒன்றிரண்டு நாளில் ஆயிரம் மாடுகள் கிடைத்தன. சுவார்ட்ஸ் அனுப்பிய உபதேசியார்கள் உயிரைப் பணயம் வைத்துக் கிராமங்களுக்குச் சென்றனர். 80,000 கலம் நெல் கோட்டைக்கு வந்து சேர்ந்ததாக அவரே எழுதியுள்ளார். பிறகு ஒவ்வொருவருக்கும் கூலியைக் கொடுத்து, சிறு அன்பளிப்பும் தந்து அனுப்பினார்.

இங்கு நம்பிக்கை என்ற சொல்லுக்கு இரண்டு பொருளும் பொருந்துகிறது. ஒன்று அவர் இறைவன் மேல் வைத்தது. மற்றது விவசாயிகள் அவர் மேல் வைத்தது.

சத்திரங்களும் ஒரு கடிதமும்

மராட்டிய மன்னர் துளஜா 1787இல் இறக்கும் முன் சரபோஜி என்ற பத்து வயதுச் சிறுவனைத் தத்தெடுத்து, அவனைப் பார்த்துக்கொள்ளுமாறு சுவார்ட்ஸிடம் கேட்டுக்கொண்டார். அரண்மனைப் பகையிலிருந்து சிறுவனைக் காத்து, கல்விக்கு வழிசெய்து, அரியணை உரிமைக்காக வாதாடியவர் அவரே. ஆனால் சரபோஜி அரியணை ஏறியதை அவர் பார்க்கவில்லை. 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்தார். அதே ஆண்டு ஜூனில் சரபோஜி அரசரானார். பிற்காலத்தில் இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மேனைக்கொண்டு ஒரு சலவைக்கல் நினைவுச் சின்னம் செய்வித்தார். மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியாரின் கையைப் பற்றியபடி அரசர் நிற்கும் அந்தச் சிற்பம் தஞ்சையில் சுவார்ட்ஸ் கட்டிய தேவாலயத்தில் உள்ளது. சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். வளர்த்தவரின் மதத்துக்கு மாறாமலே அவருடைய இரக்கத்தைத் தமதாக்கிக்கொண்டார்.

1799 உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனி கைக்குப் போனது. அரசருக்குக் கோட்டையும் ஓய்வூதியமும் மிஞ்சின. அந்த நிலையில் 1801இல், இருபத்துமூன்று வயது சரபோஜி கம்பெனியின் தஞ்சைப் பிரதிநிதி டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். இராமேசுவரம் செல்லும் பாதையில் முன்னோர்கள் அமைத்த சத்திரங்களையும் அவற்றுக்குரிய கிராமங்களையும் தம்மிடமிருந்து பிரித்துவிடக் கூடாது என்பதே அதன் சாரம்.

சத்திரங்களில் நடப்பதை அவர் வரிசையாக விவரிக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை, யோகிகள் ஜங்கமர்கள் பைராகிகள் உட்பட, வரும் வழிப்போக்கர் எவருக்கும் உணவு உண்டு. சமைத்த சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியும் பலசரக்கும் தரப்படும். நள்ளிரவு வரை இது தொடரும். பிறகு ஒரு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று அறிவிப்பார்கள். நோய்களுக்கும் பாம்புக்கடி முதலிய விஷங்களுக்கும் வைத்தியர் உண்டு. நோயுற்றவர் குணமாகும்வரை மரியாதையோடு கவனிக்கப்படுவார். கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. கர்ப்பிணி அங்கே பிரசவித்தால் செலவும் மருந்தும் சத்திரத்தைச் சேரும். மூன்று மாதம் தங்கிக்கொள்ளலாம். பெற்றோரை இழந்த குழந்தைகள் ஆசிரியரின் பொறுப்பில் விடப்பட்டு, மூன்று வேளை உணவும் துணியும் கல்வியும் பெறுவர். இறந்தவர்களுக்கு அவரவர் வழக்கப்படி ஈமக்கடன் செய்யப்படும்.

ஆட்சி, படை, வரி எல்லாம் போன பிறகும் ஓர் அரசர் விடாமல் பிடித்துக்கொண்டது இந்தச் சோற்றையும் மருந்தையும்தான். தஞ்சைக்குத் தருமத்தால் வந்த நற்பெயரையே தம் பதவியின் பெரிய பெருமையாக அவர் கருதினார்.

ஒரத்தநாட்டில் உள்ள முத்தாம்பாள் சத்திரமும் இவர் எழுப்பியதே. தம் அன்புக்குரிய முத்தாம்பாள் இறக்கும் தறுவாயில் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரால் அமைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. சொந்தத் துக்கம் முன்பின் தெரியாதவர்களுக்குச் சோறாக மாறியது. தஞ்சை தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் ஆகியவற்றை ஒருங்கே ஆராயச் செய்ததும் சரபோஜிதான். கண் நோயாளிகளின் சிகிச்சை விவரங்கள் படங்களோடு பதிவு செய்யப்பட்ட ஏடுகள் இன்றும் உள்ளன.

வட்டத்துக்கு வெளியே

பெருமையோடு நிறுத்திக்கொண்டால் வரலாறு பாதிதான் சொல்லப்பட்டதாகும். சத்திரங்களுக்கு வந்த நெல் வானத்திலிருந்து விழவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக்கு அடிமைப்பட்டு உழைத்த மக்கள் சேற்றில் நின்று விளைவித்தது அது. அவர்களில் ஒருவர் வழிப்போக்கராகச் சத்திரத்துக்கு வந்தால் சோறு கிடைத்தது. தன் ஊரிலேயே வயலில் நின்றால் அரைவயிற்றுக் கூலிதான். பசித்தவனுக்குச் சோறிட்ட அறம், அவன் ஏன் பசித்திருக்கிறான் என்று கேட்கவில்லை.

பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சைக்கு வந்தது 1952இல்தான். அதன் பிறகும் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அச்செய்தி கேட்டுத் தஞ்சைப் பகுதிக்கு வந்து தங்கியவர்கள் சர்வோதயத் தொண்டர்களான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர். காந்தியின் வழியிலும் வள்ளலாரின் ஜீவகாருண்யத்திலும் ஊறியவர் கிருஷ்ணம்மாள். 1981இல் இருவரும் உழுபவரின் நில உரிமைக்காக லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கினர். நிலச்சுவான்தார்களிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று, பல ஆயிரம் ஏக்கர் நிலத்தை நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, பெண்களின் பெயரில் வாங்கித் தந்தனர். சோறு போடுவதிலிருந்து, சோறு விளையும் நிலத்தையே கொடுப்பது வரை அறம் வளர்ந்தது இங்கேதான்.

முடிவுரை

துன்பத்துக்குப் பொருள் என்ன என்று நாவுக்கரசரைக் கேட்டால் ஒன்று சொல்லியிருப்பார், சுவார்ட்ஸைக் கேட்டால் வேறொன்று சொல்லியிருப்பார். விளக்கங்கள் ஒத்துப்போகாது. அவர்கள் செய்த வேலைகள் ஒத்துப்போகின்றன. நோயாளி தன் வலிக்குத் தானே பொருள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அருகில் ஒருவர் வந்து உட்காரும்போது அந்தப் பொருள் பிறக்கிறது.

கோயில் மதிலுக்குள் தொடங்கிய இரக்கம் கோட்டைக்கும், நெடுஞ்சாலைக்கும், கடைசியாக வயலுக்கும் வந்து சேர ஆயிரம் ஆண்டுகள் ஆயின. சத்திரத்தில் நள்ளிரவில் அடித்த மணியின் பொருளும் அதுதான். இன்னும் யாராவது சாப்பிடாமல் இருக்கிறார்களா என்ற அந்தக் கேள்வியை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கிறது.