அலுவலகத் தொலைபேசிகளில் அவசர அழைப்பு (அமெரிக்கா)

ஒரே தொலைபேசி இணைப்பகத்தில் பல நீட்டிப்பு எண்கள் இயங்கும் அலுவலகம், விடுதி, பள்ளி வளாகங்களிலிருந்து செல்லும் 911 அழைப்பை, அழைப்பவரின் இருப்பிடத்தோடு உரிய அவசர மையத்திடம் சேர்க்கும் ஏற்பாடு.

2013 டிசம்பரில் டெக்சாஸின் மார்ஷல் நகர விடுதியறை ஒன்றில் கேரி ஹன்ட் கொல்லப்பட்டார். உடனிருந்த ஒன்பது வயது மகள் நான்கு முறை 911 அழுத்தியும் அழைப்பு போகவில்லை. வெளி இணைப்புக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது குழந்தைக்கு எப்படித் தெரியும்? 2018இல் கையெழுத்தான ‘கேரி சட்டம்’, 2020 பிப்ரவரி 16க்குப் பின் நிறுவப்படும் அமைப்புகளில் முன்னெண் இன்றியே 911 கிடைக்க வேண்டும் என்றது. வரவேற்பு மேசைக்கோ காவலருக்கோ உடனே தகவலும் போக வேண்டும்.

இருப்பிடம்தான் கடினமான பகுதி. இணைப்பகம் தன் பதிவு முகவரியை மட்டும் அனுப்பினால், பன்னிரண்டாம் மாடியில் மயங்கிக் கிடப்பவரைத் தேடி ஆம்புலன்ஸ் ஊழியர்கள் தரைத்தளத்தில் நிற்பார்கள். எனவே மாடிக்கோர் எண் ஒதுக்கி, அதை முகவரித் தரவுத்தளத்தில் பதிகிறார்கள். அல்லது கருவி எந்த சுவிட்ச், எந்த வைஃபை முனையோடு இணைந்துள்ளது என்பதைக் கொண்டு இடத்தைக் கணிக்கிறார்கள். மேசைகளை இடம் மாற்றிவிட்டுப் பதிவைத் திருத்தாவிட்டால் இரண்டும் வீண். ‘ரே பாம் சட்டம்’ என்ற மற்றொரு அமெரிக்கச் சட்டப்படி, தெரு முகவரியோடு மாடி, அறை விவரமும் செல்ல வேண்டும்: நிலையான கருவிகளுக்கு 2021 ஜனவரி முதல், மடிக்கணினி போன்றவற்றுக்கு 2022 ஜனவரி முதல்.